அடுப்புக்கும் வேண்டும் கோடை விடுமுறை

இந்த ஆண்டு மலர் உங்கள் கைகளில் தவழும் வேளையில் மாசி வெயில் வகுப்பறைச் சன்னல் வழியே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும். பத்தாம் வகுப்பினராகிய எங்களுக்குப் பொதுத்தேர்வு என்னும் வெயில் வேறு! அது கழிந்தால் கோடை விடுமுறை. பள்ளிக்கு விடுமுறை, கல்லூரிக்கு விடுமுறை, நீதிமன்றங்களுக்குக்கூட மே மாதத்தில் விடுமுறை. ஆனால் மற்ற எல்லாருக்கும் விடுமுறை விட்டதாலேயே இரட்டை வேலை பெறுகிற ஓர் இடம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதுதான் அடுக்களை.

கோடை வந்ததும் பத்திரிகைகள் எல்லாம், என்ன உண்ணலாம், எதைத் தவிர்க்கலாம் என்று எழுதத் தொடங்கிவிடும். பழச்சாறு பிழியுங்கள், கீரை மசியுங்கள், விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குச் சத்தான புதுப்புதுப் பலகாரம் செய்து கொடுங்கள் என்று அவை கூறுவன யாவும் நல்லவையே. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அவை எல்லாம் தாய்மார்களைப் பார்த்தே பேசுகின்றன. எங்கள் வீட்டில் உண்பவர் ஐவர். பிழிய வேண்டியவரும் மசிக்க வேண்டியவரும் ஒருவர். சத்தான உணவைக் குடும்பத்துக்கு எளிதாக்கும் வழி என்று சொல்லுகிறார்களே, யாருக்கு எளிது என்று ஒரு தடவையாவது கேட்கவேண்டாமா? கோடையில் குடும்பத்தார் நன்றாக உண்ணவேண்டுமானால் முதலில் அடுப்பு எரியும் நேரத்தைக் குறைக்க வேண்டும், குறைத்த நேரத்திலும் அதன்முன் ஒருவரே நிற்கக் கூடாது என்பது என் கருத்து. வாயாடித்தனம் என்று யாரும் எண்ணவேண்டாம். இக்கருத்து எனக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மே மாதம் என் தம்பிக்குப் புதுநன்மை. கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாள். அம்மா அதிகாலை 4 மணிக்கே அடுப்பு மூட்டினார்கள். பூசை முடிந்து வந்தவர்களுக்கு இட்டலியும் சாம்பாரும், மதியம் முப்பது பேருக்கு ஆட்டிறைச்சிக் குழம்பு, கோழி வறுவல், இரண்டு காய்கறி, பாயசம். நான் புதுப்பாவாடை உடுத்திக்கொண்டு முன்னறையில் அத்தை மகள்களோடு காற்றாடிக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் பாயசம் வேண்டும் என்று மூன்று முறை தம்பியை உள்ளே அனுப்பியதும் நான்தான். விருந்தினர் எல்லாரும் உண்டு, வெற்றிலை போட்டு, சிலர் உறங்கவும் போய்விட்டார்கள். மூன்றரை மணிக்கு அடுக்களையில் ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன். பூனையன்று. அம்மா அடுப்படியில் சாய்ந்து கிடந்தார்கள். கையில் காலி அகப்பை இருந்தது.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு, "ஒரு தம்ளர் காப்பி" என்று அம்மா பதில் சொன்னார்கள். முப்பது பேருக்கு ஆக்கிய கை! உடம்பில் நீர் வற்றிப்போனது ஒரு காரணம். இரத்தசோகை இன்னொரு காரணம் என்றார் மருத்துவர். ஹீமோகுளோபின் 8.4 என்று தாளில் எழுதியிருந்தது. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாதாம். இது எங்கள் வீட்டு விசேஷம் என்று நினைத்து நான் வெட்கப்பட்டேன். பின்னர்தான் தெரிந்தது, 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று. இந்தப் பக்கத்தைப் படிக்கும் தோழியரே, உங்கள் வகுப்பில் உங்களுக்கு இருபுறமும் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். அந்தக் கணக்கில் நாமும் இருக்கிறோம்.

மூன்றாம் நாள் அம்மா மறுபடியும் அடுக்களையில் நின்றார்கள். நான் தம்பியின் பழைய கணக்கு நோட்டில் ஒரு வேலை செய்தேன். அம்மா அடுப்பருகே போகும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் ஒரு நாள் முழுவதும் குறித்தேன். காலை 5.10 முதல் 8.40 வரை. மறுபடி 10.30 முதல் 1.15 வரை. மாலைக் காப்பிக்கும் பலகாரத்துக்கும் முக்கால் மணி. இரவு 6.30 முதல் 9 வரை. கூட்டினால் ஒன்பதரை மணி நேரம் வந்தது. அப்பாவிடம் இருந்த வெப்பமானியை நடுப்பகல் 12 மணிக்கு முன்னறையில் வைத்தேன். 36 டிகிரி காட்டியது. அடுக்களையில் வைத்தேன், 41 ஏறியது. எங்கள் அடுக்களைக்கு ஒரே ஒரு சன்னல். மேலே மொட்டை மாடி. மின்விசிறி உண்டு, ஆனால் அதைப் போட்டால் காஸ் சுடர் அலைந்து அணைந்துவிடும். ஆகையால் சமைக்கும்போது போடுவதில்லை. பதினைந்து ஆண்டுகளாக அவ்வீட்டில் உண்டு வளர்ந்த நான், அந்த விசிறி ஓடாத காரணத்தை அன்றுதான் அறிந்தேன்!

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். அப்பா சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத்தனை நேரம் அப்படி என்னதான் வேகுது?" என்று கேட்டார்கள். கேள்வி நல்ல கேள்விதான். என்ன வெந்தது என்றும் எழுதிப் பார்த்தோம். சுடச்சுடச் சோறு மூன்று வேளையும். அப்பாவுக்குத் தோசை, தம்பிக்குப் பூரி, ஆச்சிக்கு இட்டலி, எனக்கு நூடுல்ஸ். மதியம் தேங்காய் அரைத்த குழம்பு. அது கெட்டுப்போகும் என்பதால் இரவுக்கு வேறு. மாலையில் வாழைக்காய் பஜ்ஜி. இவற்றில் கோடை கேட்டு வாங்கியது எது? ஒன்றும் இல்லை. நாக்கு கேட்டது, அவ்வளவுதான். உடம்பு கேட்டதெல்லாம் நீரும், வியர்வையில் போன உப்பும், எளிதில் செரிக்கிற உணவும்.

நம் நெல்லைச் சீமையில் கோடைக்கென்று இறைவன் படைத்து வைத்திருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். அவற்றில் முக்காலும் அடுப்பையே கேட்பதில்லை. நுங்கைச் சீவி விரலால் தோண்டித் தின்னவேண்டியதுதான். வெள்ளரிப்பிஞ்சில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். தர்பூசணியில் 90க்கு மேல். மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தொடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? காலையில் சைக்கிளில் குடம் கட்டி வருகிறவரிடம் பதநீர் வாங்கிப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதிலேயே நுங்கையும் போட்டுக் குடிப்போமே, அதற்கு ஈடு உண்டா? (பதநீரும் இனிப்புத்தான். சர்க்கரை வியாதி உள்ள எங்கள் ஆச்சிக்கு அது ஆகாது, நுங்கோடு நிறுத்திக்கொள்ளுகிறார்கள்.) ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரியும் தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் கலந்தால் கோசுமரி. பக்கத்து வீட்டு மாமி ராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் கொடுக்கும்போது அதையும் கொண்டுவந்து தருவார்கள். நாங்கள் அதைத் திருவிழாப் பண்டம் என்று எண்ணிக் குடித்தோம். வெயில் ஏறுகிற பங்குனி, சித்திரையில் அது ஏன் வழங்கப்படுகிறது என்று யோசித்ததே இல்லை.

அடுப்பு கேட்பவற்றிலும் ஒருமுறை கேட்டு ஒதுங்கிக்கொள்பவை உண்டு. கேப்பைக் கூழ் அப்படிப்பட்டது. இரவில் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் நொய் வெந்ததும் அதில் ஊற்றிக் கிண்டி இறக்கினால் பொழுதுக்கும் போதும். வேண்டியபோது எடுத்து மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளவேண்டியது. 100 கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. பழையதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றுவது மட்டுமே வேலை. மற்ற வேலையை நம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் விடிவதற்குள் செய்து முடித்துவிடும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று செய்தித்தாளில் படித்து அப்பா வியந்தார்கள். ஆச்சி வியக்கவில்லை. "இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்றார்கள்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அப்பா ஒரு வாதம் வைத்தார்கள்: காலையில் ஆக்கியதை மதியம் வரை வைத்தால் இந்த வெயிலில் கெட்டுப்போகாதா? இது நியாயமான வாதம். சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் ஊர்க் கோடையில் இன்னும் கவனம் வேண்டும். ஆகவே நாங்கள் இப்படி வகுத்துக்கொண்டோம். தேங்காய் அரைத்தது, முட்டை, மீன், இறைச்சி இவை ஆக்கிய வேளையிலேயே தீரவேண்டும். மிஞ்சினால் உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் போகவேண்டும். எடுத்தால் கொதிக்க வைத்தே உண்ணவேண்டும். புளித்த பண்டங்களான கூழும் பழையதும் மோரும் வேறு வகை. புளிப்பு ஏறிய இடத்தில் கெட்ட கிருமிகள் தழைப்பது கடினம். அவற்றுக்கும் பானை சுத்தமாக இருக்கவேண்டும். ஊற்றுவது காய்ச்சி ஆறிய தண்ணீராக இருக்கவேண்டும். வாடை மாறினாலோ நூல்விட்டாலோ கொட்டிவிடவேண்டும். பழையதைக் காலையிலேயே குடித்துவிடவேண்டும். கூழை மதியத்தோடு முடித்துவிடவேண்டும். இதில் சிக்கனம் பார்க்கலாகாது.

இப்படி ஏற்பாடு செய்தபின் எங்கள் வீட்டு அடுப்பு காலை ஐந்தரைக்கு எரியும். எட்டு மணிக்கு அணையும். மதியம் அதைத் தொடுவதில்லை. காலையில் அவித்த சுண்டல் கடலையோ பயறோ பெட்டிக்குள் இருக்கும்; அதில் வெங்காயமும் மாங்காயும் அரிந்து போட்டால் கூழுக்குத் துணை. மாலை ஆறரைக்கு மேல் ஒரு மணி நேரம் மட்டும் ஒரு குழம்பு, ஒரு கீரை. ஒன்பதரை மணி மூன்றரை மணியாயிற்று. சத்துக் குறைந்துவிட்டதா? பூரியும் பஜ்ஜியும் குறைந்தன. பயறும் கீரையும் கூடின. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆகவே நல்ல மீன் யானை விலை விற்கும் காலம் அது. பயறும் முட்டையும் அந்தக் குறையை நிரப்பின. அம்மாவுக்கு மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையோடு முருங்கைக்கீரையும் உண்டு. சாப்பாட்டோடு காப்பி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது, எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை அது சேருவதற்குத் துணை செய்யும் என்று தெரிந்துகொண்டபின், அம்மாவின் காப்பித் தம்ளரைத் தம்பி காவல் காத்தான்! சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாமல் கொடுக்கமாட்டான்.

இங்கே ஒரு தோழியைப் பற்றிச் சொல்லவேண்டும், பெயர் வேண்டாம். விடுதியில் தங்கிப் படிப்பவள். அவளுடைய தாயார் கிராமத்தில் பீடி சுற்றுகிறார்கள். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது, விடுமுறையில் என்னவெல்லாம் சாப்பிட்டீர்கள் என்று வகுப்பில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தோம். நான் ஐஸ்கிரீம் கடையையும் ஓட்டல் பரோட்டாவையும் வர்ணித்தேன். அவள் முறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு, "சும்மா... வீட்டுச் சாப்பாடு" என்றாள். சென்ற ஜூன் மாதம் எங்கள் வீட்டுக் கதையை நான் சொன்னபிறகே வாய் திறந்தாள். அவர்கள் வீட்டில் கோடை முழுவதும் காலையில் பழையது, பகலில் கூழ். பீடி சுற்றுகிற தாயார் பகலில் அடுப்பு மூட்டினால் அன்றையக் கூலி குறைந்துவிடும். அவளும் அண்ணனும் வெங்காயம் உரித்து, கூழ் கரைத்து, தாயாருக்கு உட்கார்ந்த இடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். நான் நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். அதைச் சொல்ல அவள் கூச்சப்பட்டாள். பரோட்டாவைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. வறுமையால் அவ்வுணவை மட்டுமே உண்பது வேறு. அதை நான் புகழவில்லை. அவர்களுக்கும் பாலும் முட்டையும் பழமும் வேண்டும். ஆனால் நல்ல உணவுக்கு ஏழ்மையின் முத்திரையைக் குத்தி அவளைத் தலைகுனிய வைத்தவர்கள் என்னைப் போன்றவர்கள்தாம். விருந்தாளி வந்தால் பழையதுப் பானையைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவைக்கிற வீடுகள் நம்மில் எத்தனை?

கத்தோலிக்கக் குடும்பத்தினராகிய நமக்கு இது புதிய பாடமே அன்று. சாம்பல் புதன் தொடங்கி நாற்பது நாள் தவக்காலம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள். பெரிய வெள்ளியன்று எத்தனையோ வீடுகளில் கஞ்சியும் துவையலும்தான். அந்த நாட்களில் வீட்டில் யாரும் செத்துப்போவதில்லை! வயிறு இலேசாக இருக்கிறது. அம்மாவுக்கும் சற்று ஓய்வு கிடைக்கிறது. பாஸ்கா ஞாயிறு விடிந்ததும் என்ன செய்கிறோம்? நாற்பது நாள் விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கிறோம். அதுவும் ஏப்ரல் வெயிலில்! கொண்டாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாஸ்கா அன்று பிரியாணி எனக்கும் பிடிக்கும். அதற்கு மறுநாளும் அடுத்த வாரமும் மே மாதம் முழுவதும் ஏன் அப்படியே தொடரவேண்டும் என்பதே என் கேள்வி. தவக்காலத்தில் பழகிய எளிய சாப்பாட்டைத் தவத்துக்கென்று இல்லாமல் உடம்புக்கென்று கோடை முடியும்வரை நீட்டித்தால் என்ன?

இனி, அடுப்பின்முன் ஒருவரே நிற்கக் கூடாது என்றேனே, அதற்கு வருகிறேன். மறைக்கல்வி வகுப்பில் மார்த்தாள், மரியாள் வீட்டு நிகழ்ச்சியைப் படித்தபோது எனக்கு ஓர் ஐயம் வந்தது. மரியாள் ஆண்டவரின் பாதத்தருகே அமர்ந்து கேட்டது நல்ல பங்குதான். ஆனால் அன்று சாப்பாடு என்ன ஆயிற்று? எல்லாரும் எழுந்து ஆளுக்கொரு வேலை செய்திருந்தால் மார்த்தாளும் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்றேன். சிஸ்டர் சிரித்துவிட்டு, "நீ போய் உன் வீட்டில் இதைக் கேள்" என்றார்கள். கேட்டேன்.

முதலில் தண்ணீர்ப் பொறுப்பைத் தம்பிக்குக் கொடுத்தோம். இரவில் காய்ச்சி ஆறிய தண்ணீரை மண்பானையில் நிரப்புவதும், இரண்டு மணிக்கு ஒருமுறை எல்லாருக்கும் ஒரு தம்ளர் கொடுப்பதும், அம்மாவுக்கு முதலில் கொடுப்பதும் அவன் வேலை. அப்பா அதிகாலையில் சந்தைக்குப் போய்க் காய் வாங்கிவருவதோடு நில்லாமல் அரிந்தும் கொடுக்கவேண்டும். அப்பா அரியும் வெண்டைக்காய் ஒன்று விரல் நீளமும் மற்றொன்று நகம் அளவும் இருக்கும். அம்மா அதைக் கண்டு சிரிப்பார்கள். ஆனால் திருப்பி அரியமாட்டார்கள். கூழ் கரைப்பதும் பாத்திரம் துலக்குவதும் என் வேலை. தம்பி ஒருநாள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஆச்சி கேட்டார்கள்:

"ஏட்டி, ஆம்பளப் பிள்ளைய அடுப்படியில கொண்டு நிறுத்துதியே, ஊர் சிரிக்காதா?"

"அடுப்பே எரியலியே ஆச்சி. வெள்ளரிக்காதான நறுக்குதான்" என்றேன்.

ஆச்சி முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஆனால் அந்த வெள்ளரிக்காயில் நான்கு துண்டு கேட்டு வாங்கித் தின்றார்கள்.

முக்கியமான ஒரு மாற்றத்தை இன்னும் சொல்லவில்லை. மதியத்தில் அம்மாவும் எங்களோடு உட்கார்ந்து உண்ணத் தொடங்கினார்கள். சுடச்சுடப் பரிமாற ஒன்றும் இல்லாதபோது நிற்பதற்கு என்ன இருக்கிறது? பானை நடுவில் இருக்கும். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளுவோம். எல்லாரும் உண்டபின் அடியில் கிடப்பதை வழித்து உண்பது தியாகம் என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். தியாகம் உயர்ந்ததுதான், ஆனால் வீட்டில் ஐவரில் ஒருவரே நாள்தோறும் அதைச் செய்யவேண்டும் என்றும், மற்ற நால்வர் நாள்தோறும் அதை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்றும் எந்த ஞானோபதேசத்திலும் நான் படிக்கவில்லை.

குடிபானங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். பாட்டிலில் வரும் வண்ணப் பானத்தை விட்டுவிடத்தான் எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது. அம்மாவை வீழ்த்திய அன்றைய விருந்திலும் அது பெட்டி பெட்டியாக இருந்தது. 300 மில்லி கொண்ட ஒரு பாட்டிலில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஆறு தேக்கரண்டி! அம்மா காப்பியில் ஆறு தேக்கரண்டி போட்டுக் கொடுத்தால் குடிப்போமா? பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். வயிற்றுப்போக்கு வந்து சோர்ந்தவருக்கோ மருந்துக்கடையில் விற்கும் உப்புக்கரைசல் பொட்டலமே சிறந்தது. அது அகப்படாதபோது, சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து கொடுக்கலாம். 1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்பவர் இத்தகைய கரைசலைத்தான் கொடுக்கச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். அதைக் கொடுத்தவர்கள் எல்லாரும் தேர்ந்த தாதியர் அல்லர். நோயாளிகளின் வீட்டாரும் உறவினருமே பக்கத்தில் அமர்ந்து ஊட்டினார்கள். இதைப் படித்தபோது, அன்று எங்கள் அடுக்களை வாசலில் ஒரு செம்புத் தண்ணீரோடு நிற்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அன்று தேவைப்பட்டது அவ்வளவுதான்.

எல்லாம் அப்படியே நிலைத்துவிட்டது என்று நான் பொய் சொல்ல விரும்பவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் அப்பாவின் வெண்டைக்காய் வாரத்துக்கு ஒருநாள் ஆயிற்று. நானும் படிப்பைச் சாக்குச் சொல்லிப் பல நாள் நழுவினேன். பஜ்ஜி ஐப்பசி மழையோடு திரும்பி வந்தது. நிலைத்தவை இரண்டு: தம்பியின் தண்ணீர்ப்பானையும், மதியச் சாப்பாட்டில் அம்மாவின் இடமும். விடுமுறை நாட்களில் அந்த இடம் காலியாக இருந்தால் இப்போது யாரும் தட்டில் கை வைப்பதில்லை. சென்ற மாதம் இரத்தம் சோதித்ததில் 11.1 இருந்தது. 12க்கு இன்னும் கொஞ்ச தூரம்.

இந்த மே மாதம் அத்தை குடும்பத்தாரும் சித்தப்பா குடும்பத்தாரும் மறுபடி வருகிறார்கள். என்ன சமைப்பது என்று போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு வந்தது. முதல்நாள் காலையில் எல்லாருக்கும் பழையதே போடுவோம் என்று நான் துணிந்து சொல்லிவிட்டேன். அம்மா ஆச்சியின் முகத்தைப் பார்த்தார்கள். ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே வெகுநேரம் யோசித்தார்கள்.

"எத்தனை பேருட்டி, முப்பதா? அப்போ எவர்சில்வர்ல வைக்காத, மண்பானையில கொண்டு வை. சின்ன வெங்காயம் ரெண்டு கிலோவாவது வேணும். உங்கப்பன உரிக்கச் சொல்லு."